உலகுடையாளும் அகமுடையாளும்

திருவண்ணாமலைக் கோயிலின் வெளிமதிலில் நான்கு பெரிய கோபுரங்கள். கிழக்கே ராஜகோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க் கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். உள்ளே நுழைந்தால் வல்லாள மகாராஜா கோபுரம், அதையும் தாண்டினால் கிளிக் கோபுரம். ராஜாவுக்கு ஒன்று இருக்கிறது, மகாராஜாவுக்கு ஒன்று இருக்கிறது, ராணிக்கு ஒன்றும் இல்லை. பெரிய கோபுரங்களில் ஒரு பெண்ணின் பெயரோடு நிற்பது வடக்குக் கோபுரம்தான். 171 அடி உயரம். அந்தப் பெண்ணும் அரச குலத்தவர் அல்லர். செங்கத்துக்குப் பக்கத்தில் சென்னசமுத்திரத்தில் பிறந்த துறவி. வாசல் வாசலாக நின்று கேட்டு வாங்கிக் கட்டினார் என்று ஊர் சொல்கிறது. 'அம்மணி' என்பது அவருக்கு யாரும் சூட்டிய பட்டம் அன்று, கூப்பிட்ட பெயர்.

இந்தக் கோபுர வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். தமிழகத்தில் அரசிகள் இருந்தார்கள், சிற்றரசர் மனைவியர் இருந்தார்கள், பாளையக்காரர் வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர்களை எந்தச் சொல்லால் அழைத்தார்கள்? அந்தச் சொற்கள் இன்று எங்கே இருக்கின்றன? தேடிப் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது இது: தமிழில் பெண்ணின் உயர்நிலையைக் குறித்த வலுவான சொற்கள் உடைமையைச் சொல்லும் சொற்கள். எதையோ ஆள்பவள், எதையோ உடையவள் என்பதே அவற்றின் பொருள். அந்தச் சொற்கள் பெண்களின் கையை விட்டு எப்போது, எந்தப் பக்கம் போயின என்று பார்த்தால், உடைமையும் கூடவே போன தடம் தெரிகிறது.

பழைய சொற்களிலிருந்து தொடங்கலாம். பூதப்பாண்டியனின் மனைவி, புறநானூற்றில் பாடல் உள்ள புலவர். அவரை நாம் பெருங்கோப்பெண்டு என்றே அறிவோம். சிலப்பதிகாரத்துப் பாண்டிமாதேவி கோப்பெருந்தேவி. இரண்டும் பெயர்கள் அல்ல, இடங்கள். அரசனின் தலைமைப் பெண் என்ற இடம். செங்குட்டுவனின் மனைவி வேண்மாள் என்னும்போது கதை மாறுகிறது. வேள் குலத்தில் பிறந்தவள் வேண்மாள். சேரனை மணந்த பிறகும் பிறந்த குலத்தின் சொல்லே அவளோடு வருகிறது. வணிகருக்கும் அதிகாரிகளுக்கும் அரசன் கொடுத்த எட்டி, காவிதிப் பட்டங்களைப் பெண்களும் தாங்கியதைப் பெருங்கதை சொல்கிறது.

அடுத்தது பிராட்டி. பெருமானுக்குப் பெருமாட்டி, பிரானுக்குப் பிராட்டி. சோழர் கல்வெட்டுகளில் அரசி 'நம்பிராட்டியார்'. இந்த 'நம்' என்ற ஒட்டில் ஓர் உரிமை தெரிகிறது. ஊரார் தங்கள் தலைவியைச் சொல்வது போல. முதலாம் பராந்தகனின் தேவி, இராசாதித்தனின் தாய், கோக்கிழானடிகள். கிழான் என்றால் உரிமையாளன். வேளாண் தலைவர்களின் பெயரில் வரும் அதே கிழான். பெண்ணுக்கு வைக்கும்போது கிழாள் என்று மாற்றவில்லை. ஆண்பால் ஈற்றோடு அப்படியே நிற்கிறது, பின்னால் 'அடிகள்' என்ற மரியாதை வேறு. இரண்டு நூற்றாண்டு கழித்து விக்கிரம சோழனின் தேவி முக்கோக்கிழானடிகள்.

இந்த வரிசையில் ஒரு பெண்ணின் பெயரைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ராஜராஜனின் அக்காவை இப்படி அடுக்குகிறது: ராஜராஜ தேவரின் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார், ஆழ்வார் பராந்தகன் குந்தவையார். ஒரே மூச்சில் தம்பி, கணவன், தந்தை மூவரும் வந்துவிட்டார்கள். பராந்தகன் என்பது சுந்தர சோழனின் பெயர். மகள் தந்தை பெயரை முன்னால் வைத்துக்கொள்கிறாள். இவ்வளவுக்கும் நடுவில் யாருடைய உறவும் அல்லாத ஒரு சொல் இருக்கிறது. ஆழ்வார். ஆள்பவர் என்று பொருள் கொண்டால்தான் அந்த இடத்துக்கு அது பொருந்துகிறது. வைணவ அடியார்களுக்கு மட்டுமே உரியது என்று இன்று நாம் நினைக்கும் அந்தச் சொல்லைச் சோழ இளவரசி ஒருத்தி தன் பட்டமாக வைத்திருந்தாள்.

அதே கோயிலில் ராஜராஜன் தன் கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்ன ஆணையும் இருக்கிறது. தான் கொடுத்தவை, அடுத்து 'நம் அக்கன்' கொடுத்தவை, அதற்கும் அடுத்து 'நம் பெண்டுகள்' கொடுத்தவை என்பது அந்த வரிசை. அக்காவுக்குப் பிறகுதான் அரசிகள். அவளைச் சொல்லும் இடத்தில் பட்டம் எதுவும் போடாமல், வீட்டில் கூப்பிடும் முறையில் அக்கன் என்கிறான். ஆயிரம் ஆண்டு கழித்துப் படிக்கும்போதும் அந்த ஒரு சொல்லில் ஒரு தம்பியின் குரல் கேட்கிறது. அரசன் புகழைப் பாடும் எந்த மெய்க்கீர்த்தியிலும் இது எனக்குக் கேட்டதில்லை.

சோழ அரசியருக்கு வழங்கிய உச்சப் பட்டம் உலகமுழுதுடையாள். உலகம் முழுவதையும் உடையவள். இதிலிருந்து ஒரு குடும்பமே கிளைத்தது: அவனிமுழுதுடையாள், புவனமுழுதுடையாள், தரணிமுழுதுடையாள், திரிபுவனமுழுதுடையாள், ஏழுலகமுடையாள். மெய்க்கீர்த்தியின் கடைசியில் அரசன் அரியணையில் வீற்றிருக்கும் இடத்தில் அவள் அவனோடு உடன் வீற்றிருக்கிறாள். உலகத்தை வென்றவன் அவன், உடையவள் அவள். கேட்க எவ்வளவு பெரிய சொல். ஆனால் ஒரு சோழன் போய் அடுத்த சோழன் வந்தாலும் அரியணைக்குப் பக்கத்தில் அதே புவனமுழுதுடையாள்தான் இருக்கிறாள். ஆள் மாறிவிட்டாள், பட்டம் மாறவில்லை. பட்டம் பெரிதாகப் பெரிதாகப் பெண்ணின் பெயர் அதற்குள் மறைந்துபோயிற்று.

இதைக் கல்வெட்டிலேயே ஒரு சிறு சொல் காட்டிக்கொடுக்கும். 'ஆன' என்ற சொல். தந்திசக்தி விடங்கியாரான ஒலோகமாதேவியார் என்று ராஜராஜனின் பட்டத்தரசி குறிக்கப்படுகிறாள். 'ஆன' என்பதற்கு இந்தப் பக்கம் இருப்பது பிறந்த வீடு வைத்த பெயர். அந்தப் பக்கம் இருப்பது அரண்மனை வைத்த பெயர். திருவையாற்றில் அவள் எடுத்த கோயில் அரண்மனைப் பெயரால் ஒலோகமாதேவீச்சரம் ஆயிற்று. கல்வெட்டை மைப்படி எடுக்கும்போது ஈரத்தாளை அழுத்தித் தட்டத் தட்ட எழுத்து ஒவ்வொன்றாகப் புடைத்து வரும். 'ஆன' வந்ததும் என் கை நின்றுவிடும். அந்த இரண்டு எழுத்துக்கு முன்னால்தான் ஒரு வீட்டில் மகளாக வளர்ந்தவள் இருக்கிறாள். பல கல்வெட்டுகளில் அந்த முன்பகுதியே கிடையாது. செம்பியன் மாதேவி என்றால் சோழனின் பெருந்தேவி என்று பொருள். தமிழகத்தில் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர். அவரைக் கல்வெட்டு மழவரையர் மகள் என்கிறது, கண்டராதித்தரின் தேவி என்கிறது, உத்தம சோழனைப் பெற்றவர் என்கிறது. நாம் அறிந்தது பட்டத்தைத்தான்.

பஞ்சவன் மாதேவி, வானவன் மாதேவி என்ற பெயர்களும் இதே பாதையில் வந்தவை. பஞ்சவன் பாண்டியனைக் குறிக்கும், வானவன் சேரனைக் குறிக்கும். அரசன் வாளால் வென்றதாகச் சொல்லிக்கொண்ட நாடுகளை அரசியின் பெயரில் சுமத்தி வைத்தார்கள்.

அரண்மனையை விட்டு நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வருகிறேன். போளூருக்குப் பக்கத்தில் திருமலை. குன்றில் சமணர் கோயில், குந்தவை ஜினாலயம். சைவ அரச குடும்பத்து இளவரசியின் பெயர் சமணப் பள்ளிக்கு. ராஜேந்திரனின் கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் புகழ்பெற்ற மெய்க்கீர்த்தி இந்தப் பாறையில்தான் இருக்கிறது. வரலாற்று நூல்கள் எல்லாம் அதற்காகவே இந்த இடத்துக்கு வருகின்றன. ஆனால் அந்த நீண்ட மெய்க்கீர்த்தி எதற்காக வெட்டப்பட்டது? பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த மல்லியூர் வியாபாரி நன்னப்பயனின் மணவாட்டி சாமுண்டப்பை வைத்த ஒரு நந்தாவிளக்குக்காக. விளக்குக்கு 20 காசு, திருவமுதுக்கு 10 காசு. கடல் கடந்த வெற்றிகளை எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் கல் அவளிடம் வந்து நிற்கிறது. அதே மலையில் இன்னொரு கல்வெட்டில் பல்லவ அரசரின் தேவியார் சின்னவையார் வைத்த விளக்கும் வருகிறது. கோயிலின் பெயரில் இளவரசி, பாறையில் ஒரு சிற்றரசன் தேவி, பக்கத்தில் ஒரு வணிகன் மணவாட்டி. மூன்று படிநிலை, மூன்று சொல். எரிந்தது ஒரே மாதிரி விளக்கு.

பிறப்பாலும் கணவனாலும் வராத ஒரு பட்டமும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. வந்தவாசிப் பக்கம் வேடல். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தில், அங்கே கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் ஆசிரியர் இருந்தார். குரவர் என்பதன் பெண்பால் குரத்தியார். அவரிடம் 500 மாணாக்கியர். அவர்களுக்கும் இன்னொரு தவசியர் கூட்டத்துக்கும் சச்சரவு வந்தபோது, குரத்தியாரையும் மாணவியரையும் காத்துச் சோறிடுவோம் என்று நாட்டார் பொறுப்பேற்றுக் கல்லில் வெட்டி வைத்தார்கள். உலகமுழுதுடையாள் என்பதைவிட இந்தக் குரத்தியார் என்ற சொல்லை நான் பெரிதாக மதிக்கிறேன். அறிவால் வந்த பட்டம் அது; 500 பெண்கள் அதை ஏற்று அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

இனி, சொல்லக் கசப்பான பகுதி. தஞ்சைக் கல்வெட்டில் அரசன் தன் தேவியரை 'நம் பெண்டுகள்' என்றான் அல்லவா? கோயிலில் பாடவும் ஆடவும் கொண்டுவந்து குடியேற்றிய 400 பெண்களையும் அதே கோயில் கல்வெட்டு 'தளிச்சேரிப் பெண்டுகள்' என்கிறது. ஒரே சொல். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒவ்வொருத்தியின் பெயரும் ஊரும் கல்லில் இருக்கின்றன, பெயருக்கு முன்னால் நக்கன் என்ற சிவனின் பெயர். ஆடலில் சிறந்தவளுக்குத் தலைக்கோல் பட்டம். சிலம்பில் மாதவிக்குக் கிடைத்த அதே பட்டம், சோழர் காலத்தில் தலைக்கோலி என்று பெயரோடு ஒட்டி வரும். திருவாரூரில் ராஜேந்திரனின் அணுக்கியார் பரவை நங்கையார் இருந்தார். அணுக்கி என்றால் அரசனுக்கு அணுக்கமானவள். அது ஒளித்து வைத்த உறவாக இருக்கவில்லை. அரசனும் அவரும் சேர்ந்து நின்று தொழுத இடத்தில் குத்துவிளக்கு வைக்கச் செய்து, அதைக் கல்வெட்டாகவும் பொறித்தார்கள்.

கோயில் பெண்களுக்குப் பொதுவாக வழங்கிய பெயர் தேவரடியார். அடியார் என்ற சொல்லை நாம் அறுபத்துமூவருக்குச் சொல்கிறோம். லெஸ்லி ஓர் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், சோழர் காலத்துக் கோயில் பெண்களைக் கொடையாளராகவும் கோயிலில் உரிமை பெற்றவராகவும் காட்டியது. தேவரடியார் என்ற சொல் இன்று தமிழில் ஒரு பெண்ணை நோக்கி எறியக்கூடிய மிக இழிவான வசை. நிலமும் நெல்லும் கோயில் உரிமையும் கையில் இருந்தவரை அது மரியாதைப் பெயர். அவை ஒவ்வொன்றாகப் போன பிறகு பெயர் அழுகியது. அந்தப் பெண்களை அந்த நிலையிலிருந்து மீட்கப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சிகளுக்கும் சென்னை மாகாணத்தின் 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் நாம் கடன்பட்டவர்கள். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தைச் சட்டம் நிறுத்தியது. தெருவில் அந்தச் சொல்லை இன்னும் நாம் நிறுத்தவில்லை.

கீழே விழுந்த சொல்லுக்கு இது சான்று. மேலே ஏறிய சொற்களும் உண்டு. பிராட்டி திருமகளிடம் போய்ச் சேர்ந்தது. சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சன்னதி எழுந்தபோது அதன் தலைவி 'திருக்காமக்கோட்டமுடைய நாச்சியார்' ஆனாள். நம் ஊரின் அம்மன் உண்ணாமுலை நாச்சியார். உடையாள், நாச்சியார் என்று அரசியின் சொற்கள் அம்மனுக்கும் சூட்டப்பட்டன. அம்மனுக்குப் போனதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பிற்காலத்தில் அந்தச் சொற்கள் சன்னதிக்குள்ளேயே தங்கிவிட, வெளியே நிற்கும் பெண்ணுக்கு மிச்சமானது அகமுடையாள்.

அகமுடையாளும் கல்வெட்டுச் சொல்தான். அகம் என்றால் வீடு. கொடை கொடுத்தவரின் மனைவி, வீட்டை உடையவள். பேச்சில் தேய்ந்து ஆமுடையாள் என்றும், பிராமணர் வீடுகளில் ஆம்படையாள் என்றும் ஆனது. எங்கள் தெருவில் சொல்லும் 'வீட்டுக்காரம்மா'வும் அதே சொல்லின் இன்றைய வடிவம்தான். உலகம் முழுவதையும் உடையவளிலிருந்து வீட்டை மட்டும் உடையவள் வரை வந்துவிட்டோம். பட்டா யார் பெயரில் என்று கேட்டால் அந்த வீடும் பல இடங்களில் அவள் பெயரில் இருக்காது.

பட்டம் இருப்பதால் பெண்ணுக்குப் பிடிமானம் வந்துவிடாது என்பதை நம் ஊர்க் கதையே சொல்கிறது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் இங்கே தலைநகர் வைத்திருந்தான். அருணாசல புராணத்தில் அவனுக்கு இரண்டு தேவியர்: மல்லமாதேவி, சல்லமாதேவி. சிவனடியாராக வந்த சிவன் ஒரு பெண்ணைக் கேட்க, கேட்டதை இல்லையென்னாத மன்னன் இளைய தேவியை அனுப்புகிறான். அவள் தொட்டதும் அடியார் குழந்தையாகிறார். பிள்ளையில்லாத அரசனுக்கு இறைவனே பிள்ளையானதால், மாசி மகத்தில் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அவனுக்குத் திதி கொடுக்கிறார். அந்த ஊர்வலத்தோடு நடக்கும்போது எனக்கும் கண் கலங்கும். கூடவே சல்லமாதேவியின் நினைவும் வரும். பெயரிலேயே மாதேவியை வைத்திருந்தவளிடம், போகச் சம்மதமா என்று கதைக்குள் யார் கேட்டார்கள்?

வேறு நாட்டு வழக்கங்களை நீட்ட வேண்டியதில்லை, ஒன்றிரண்டு போதும். ஆங்கிலேயரிடம் பிரபுவின் மனைவி பெரும்பாலும் கணவன் வழியாகவே சீமாட்டி ஆகிறாள். நம் ஊர் அவளைத் துரைசாணி என்றது, பின்னால் ஜமீன்தார் மனைவியையும் அப்படியே. திருவிதாங்கூர் நேர் எதிர்த் திசை. மருமக்கள் வழியில் அரசனின் அக்கா, தங்கை, சகோதரி மகள்தான் அங்கே ராணி ஆனார்கள். அரசனை மணந்தவள் ராணி ஆக முடியவில்லை, அவள் அம்மச்சி. அந்த ராணியருள் ஒருவரான சேது லட்சுமிபாய் 1924 முதல் 1931 வரை நாட்டை நடத்தியது யார் மனைவி என்பதாலும் அல்ல. 1878இல் பெண்களுக்கென்றே ஏற்பட்ட 'இந்திய மகுடம்' என்ற பிரிட்டிஷ் விருதும் அவருக்குக் கிடைத்தது. மன்னர் குடும்பங்களுக்கு இருந்த அரசு அங்கீகாரம் 1971இல் 26ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு முடிந்தது.

தெற்கே நாச்சியார் என்ற சொல் மட்டும் நெடுநாள் உயிரோடு இருந்தது. 1772இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பின், வேலு நாச்சியார் எட்டாண்டு காத்திருந்து 1780இல் சிவகங்கையை மீட்டார். அதே சீமையின் ஜமீனுக்காகக் காத்தம நாச்சியார் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863இல் தீர்ப்பானது. தந்தை தானே சம்பாதித்த சொத்து, ஆண் பங்காளிகளுக்கு அல்ல, மகளுக்கே என்று வென்றார். இந்திய வாரிசுச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் அந்த வழக்கை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். ஆங்கிலச் சட்டப் புத்தகத்தில் நாச்சியார் என்ற சொல் பழைய பொருளோடு, உடையவள் என்ற பொருளோடு ஏறி நிற்கிறது.

ஒரு பெண்ணின் பட்டம் அவளுடையதா, கணவனுடையதா என்பது அவன் இறந்த பிறகுதான் தெரிகிறது. செம்பியன் மாதேவி கணவன் போன பின் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். கோனேரிராசபுரத்தில் கணவன் பெயரால் கோயில் எடுத்து, அவர் உருவத்தையும் அங்கே வைத்தார். ராஜராஜனின் தாய் வானவன் மாதேவிக்கு வேறு முடிவு. அவர் மலையமான் குலத்து மகள் என்பதையும், பால்குடி மறவாத குழந்தையை விட்டுக் கணவனோடு தீப்புகுந்தார் என்பதையும் நமக்குத் தெற்கே திருக்கோவிலூர்க் கல்வெட்டு சொல்கிறது.

செய்யாறு பக்கத்தில் பிரமதேசம், நம் மாவட்டம்தான். கங்கை கொண்ட ராஜேந்திரன் இறந்தது அங்கே, 1044இல். அவன் தேவியருள் ஒருவரான வீரமாதேவி அவனோடு தீயில் இறங்கினாள். அவள் உடன்பிறந்தான் மதுராந்தகன் பரகேசரி வேளான், சோழப் படையின் சேனாபதி. தீயில் போனவளின் தாகம் தணிய வேண்டும் என்று அவன் அந்த ஊரில் தண்ணீருக்கு நிவந்தம் வைத்தான். சந்திரமௌலீசுவரர் கோயில் கல்லில் அது எழுதியிருக்கிறது. வெயில் நாளில் வருகிறவர்களுக்கு அங்கே தண்ணீர் கொடுத்தார்கள்.